இரண்டாவது கையெழுத்து

செப்டம்பரில் கொரியாவின் மேற்குக் கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் கூடுதலாக நான்கு ஜோடி காலுறை எடுத்துப் போவது நல்லது. அங்குள்ள சேறு நம் ஊர்க் காப்பார் கரையின் சேற்றைவிடக் குளிர்ச்சியானது. பூட்ஸுக்குள் எப்படியோ புகுந்துவிடும். துவைத்துப் போட்டால் மறுநாளும் காயாது. நான் இரண்டு ஜோடிதான் கொண்டுபோனேன். அடைக்கப்பன் ஆறு கொண்டுவந்திருந்தான்.

சுபா, நீங்கள் என்னிடம் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஒன்று, நம் பறவைக் குழுவின் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை. இரண்டு பக்கம் போதும் என்றீர்கள். மற்றது, அடைக்கப்பனின் கைப்பேசியில் கிடந்த குறுஞ்செய்தி. கொரியப் போலீஸ் அனுப்பிய பொருள்களோடு அந்தக் கைப்பேசியும் தண்ணீர் புகாத உறைக்குள் பத்திரமாக வந்து சேர்ந்ததாகவும், அவன் மருமகள் ஹேமா அதைத் திறந்தபோது உங்கள் பெயருக்குப் பாதி எழுதி அனுப்பாமல் விட்ட செய்தி ஒன்று இருந்ததாகவும் சொன்னீர்கள். அதை எனக்கும் அனுப்பினீர்கள்.

"சுபா, காப்பார் பதிவ நிறுத்தி வைங்க. நான் கையெழுத்துப் போட்டது தப்பு. இன்னிக்கு நேர்ல பார்த்துட்டேன். ஜெயாவுக்கு"

அதோடு நின்றுவிட்டது. "கமிட்டியில வைக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும்னு தோணுச்சு அங்கிள்" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பண்பு. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நேரே கமிட்டிக்கே கொண்டுபோயிருப்பேன்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதுகிறேன். இதை நீங்கள் கமிட்டிக்கும், அதற்குப் பிறகு வேறு சிலருக்கும் காட்ட வேண்டியிருக்கும். நம்மைத் தெரியாதவர்கள் படித்தாலும் புரிய வேண்டும்.

நான் ஜெயந்திரன், அந்தச் செய்தியில் வரும் ஜெயா. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாவது மாடியில் தனியாக இருக்கிறேன். வயது எழுபது. அரசாங்க வேலையில் முப்பத்தொரு வருடம் கடலின் ஏற்றவற்று அட்டவணை தயாரித்தேன். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று கணக்கிட்டு அச்சுக்குக் கொடுப்பது. கப்பல்காரர்கள் அதை நம்பித்தான் நங்கூரம் எடுப்பார்கள். முப்பத்தொரு வருடத்தில் என் அட்டவணை பிசகியதாக ஒரு புகார்கூட வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

அடைக்கப்பன் கிள்ளானில் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மூக்குக் கண்ணாடி. எனக்கும் அவன்தான் கண் பார்த்துக் கண்ணாடி கொடுப்பான். இருபத்தாறு வருடம் நாங்கள் இருவரும் சேர்ந்து பறவை பார்த்தோம். ஞாயிறு காலை அவன் காரில் பிரிக்பீல்ட்ஸ் வந்து என்னை ஏற்றிக்கொள்வான், மேரு ஊரைத் தாண்டிக் காப்பார் கரைக்குப் போவோம். செட்டியார் வீட்டுப் பிள்ளை, வாய் ஓயாது. நான் யாழ்ப்பாணத்து வழி, பேச மாட்டேன். கேட்டதற்கெல்லாம், ஆமாம் என்பதற்கு எங்கள் வழக்கில், "ஓம்" என்பேன். "என்னய்யா எப்பப் பார்த்தாலும் மந்திரம் ஓதற மாதிரி ஓம் ஓம்னு" என்று கிண்டல் செய்வான். எனக்கு அவனைப் பிடிக்கும். இன்றும் பிடிக்கும்.

பாசாங் அட்டை பற்றிச் சொல்ல வேண்டும். கரைப் பறவை பார்க்கிறவர்களுக்கு ஆயர் பாசாங், அதாவது தண்ணீர் ஏறும் நேரம், தெரிந்தாக வேண்டும். தண்ணீர் வற்றியிருக்கும்போது உள்ளான்கள் மைல் கணக்கில் சேற்றில் பரந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. ஏறும்போது அவற்றைத் தண்ணீரே கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சேற்றில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, பறவைகள் நெருங்கியதும் பார்த்துவிட்டு, தண்ணீருக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த நேரங்களைக் கணக்கிட்டு ஒரு சிறிய அட்டையில் எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் குழுவில் யாரும் அதைச் சரிபார்த்ததில்லை. ஜெயந்திரன் அட்டையில் இருந்தால் இருந்ததுதான்.

அடைக்கப்பனுக்கு மட்டும் வெளிநாட்டுப் பயணங்களில் அட்டையில் இரண்டு வரி எழுதுவேன். மேலே அந்த நாட்டு நேரம். கீழே கோலாலம்பூர் நேரம். அவனுக்கு நீரிழிவு. மாத்திரையும் ஊசியும் வீட்டு நேரப்படிதான், அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் கைக்கடிகாரத்தை மாற்ற மாட்டான். "என் வயித்துக்குத் தெரியுமா இது எந்த ஊருன்னு" என்பான். கைப்பேசியிலும் வீட்டு நேரமே வைத்திருப்பான், அதுவும் சேற்றில் உறைக்குள் இருக்கும், அடிக்கடி எடுக்க மாட்டான். அவனுக்கு எல்லாம் கைக்கடிகாரம்தான். கொரியா நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். அங்கே எட்டு என்றால் அவன் கையில் ஏழு.

இனி காப்பார் பதிவு. 2009 நவம்பர் பதினைந்து, காலை எட்டே கால். காப்பார் சேற்றுக்கரையில் நான் ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்தேன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை, மூக்கின் நுனி மட்டும் தட்டையாகக் கரண்டி போல் விரிந்திருக்கும். உலகத்தில் மிச்சமிருப்பவை சில நூறு என்கிறார்கள். நம் குழுவின் பட்டியலில் அது அன்றுவரை இல்லை. நான் தொலைநோக்கியில் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்தேன். அடைக்கப்பனைக் கூப்பிட்டு இடம் விட்டேன். அவன் கண்ணை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் கூட்டமே பறந்துவிட்டது.

நம் விதி உங்களுக்குத் தெரியும். அரிய பறவை என்றால் அதே இடத்தில் அதே நேரத்தில் பார்த்த இரண்டாவது ஆளின் கையெழுத்து வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான். அப்போது பதிவேட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பாரம் என்று நாங்கள் சொல்லும் படிவத்தை நிரப்பி, கையெழுத்துக்காக அவன் கடைக்குக் கொண்டுபோனேன். கண் பரிசோதிக்கும் அறையில் இருட்டில் உட்கார்ந்து அதைப் படித்தான்.

"நான் பார்த்தப்ப மூக்குல சேறு ஒட்டியிருந்த மாதிரி இருந்துச்சு ஜெயா. அது கரண்டியா சேறான்னு என்னால சொல்ல முடியல."

"நான் சொல்றனே."

"நீ சொல்லு, நான் நம்பறேன். ஆனா கையெழுத்து என் கண்ணுக்குல்ல கேக்கறாங்க. கடையிலயும் நான் அப்படித்தான். பார்க்காம நம்பர் எழுதித் தர மாட்டேன்."

கோபித்துக்கொள்ளவில்லை. நியாயமான பேச்சு. பதிவு நிராகரிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஆண்டு விருந்தில் நம் குழுவின் கிஷன் என் இலையில் ஒரு டீஸ்பூனை வைத்து, "அங்கிள், உங்க பறவை வந்திருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அடைக்கப்பனும் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் இல்லாத இடத்தில் என் பெயர் கரண்டி அங்கிள் என்று தெரியும். மறு மாதம் பொறுப்பிலிருந்து விலகினேன், நீங்கள் வந்தீர்கள்.

எனக்கு வலித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் நான் சொன்ன எண்ணை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. ஒரு பறவை விஷயத்தில் நான் கற்பனை செய்கிறவன் ஆகிவிட்டேன். மனைவி தங்கரத்தினம் இருந்தவரை அவளிடம் சொல்லிக்கொள்வேன். "ஒரு குருவிக்கு இவ்வளவு யோசிப்பீங்களோ" என்பாள். 2016-இல் அவளும் போனாள். மகன் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மிஞ்சின. பதினைந்து வருடத்தில் அடைக்கப்பனிடம் நான் அந்தப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

போன செப்டம்பரில் எனக்கு எழுபது முடிந்ததற்காகக் கொரியா போகலாம் என்று அவன்தான் ஏற்பாடு செய்தான். காப்பாருக்கு வருகிற அதே உள்ளான்கள் வழியில் அங்கே இறங்கி இரைதேடும். கரண்டிமூக்கும் வரும். நாங்கள் இருவர் மட்டும் போனோம். உள்ளூரில் பார்க் என்று ஒரு வழிகாட்டி, நாற்பது வயது இருக்கும், மிகவும் மரியாதையானவர். எங்களுக்குப் பாஷை புரியாது, அவருக்கு எங்கள் ஆங்கிலம் பாதிதான் புரியும். சிரிப்பால் சமாளித்தார்.

மூன்று நாள் மூன்று பறவைக் காப்பிடங்கள் பார்த்தோம். இதைக் கட்டுரைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: முதல் இடத்தில் பலகைப் பாதை உண்டு, வயதானவர்களும் நடக்கலாம். இரண்டாவது இடம் நெல்வயல்களை ஒட்டியது, அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும். மூன்றாவதில் கடல் சுவர் மட்டும்தான். சுவரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் சேற்றின் நடுவே கிளிஞ்சல் மேடு ஒன்று உண்டு. பறவைகள் அங்கேதான் கூடும். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். வற்றியிருக்கும்போது கணுக்கால் அளவுத் தண்ணீர். அங்கே ஏற்றம் இருபது அடிக்கு மேல், நம் கிள்ளான் கரையில் பார்க்கிற மாதிரி இல்லை. முதலில் நிரம்புவது மேட்டின் முன்பக்கம் அல்ல, பின்னால் இருக்கிற வாய்க்கால். உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. என்னிடம் அந்த இடத்தின் கடல் வரைபடம் இருந்தது. மேடு முழு ஏற்றத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மூழ்கும்.

மூன்றாம் நாளுக்கு முந்திய மாலை, தங்கியிருந்த வீட்டில் கிளிஞ்சல் போட்ட நூடுல்ஸ் கொடுத்தார்கள். அடைக்கப்பன் அதன் மேல் அவன் மனைவி நாச்சாள் ஆச்சி கட்டிக் கொடுத்த இட்லிப் பொடியைத் தூவிச் சாப்பிட்டான். வீட்டுக்கார அம்மாளும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு அவன் என்னைப் பார்த்து,

"எழுபது வயசாயிருச்சு உனக்கு. என்னத்தக் குடுக்கறதுன்னு யோசிச்சேன். கிளம்பறதுக்கு மொத நாள் காப்பார் பாரத்துல கையெழுத்துப் போட்டு சுபாகிட்ட குடுத்துட்டேன்" என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எந்தப் பாரம்?"

"ஒன்னோட கரண்டிதான் லா. வேற எது. அடுத்த மீட்டிங்ல பாஸ் பண்ணிருவாங்க."

"அப்ப நீ பார்த்தியா?"

"பார்த்தேன்னு வெச்சுக்கோயேன். பதினஞ்சு வருஷமா ஒரு வார்த்தை கேக்காம என் கூட வண்டியில வந்த பார். அதுக்காக."

நான் அழவில்லை, ஆனால் சாப்பிட முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அறைக்குப் போய் மறுநாளைக்கான பாசாங் அட்டையை எழுதினேன். முழு ஏற்றம் 10.40. மேட்டிலிருந்து கிளம்ப வேண்டிய நேரம் 8.20. எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். கீழ் வரியை, கோலாலம்பூர் நேரத்தை, எழுத மறந்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அது மறதிதான். சந்தோஷத்தில் வந்த மறதி. அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை, நம்பலாம்.

காலை ஆறரைக்கு பார்க் எங்களைச் சுவரில் இறக்கிவிட்டார். எனக்கு மூட்டு வலி, சேற்றில் நடக்க முடியாது. சுவரிலேயே பெரிய தொலைநோக்கியை நிறுத்திக்கொண்டேன். அடைக்கப்பன் மடக்கு நாற்காலியும் பையுமாக மேட்டுக்கு நடந்தான். பார்க் தானும் கூடப் போவதாகச் சைகை செய்தார். அடைக்கப்பன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, என்னையும் காட்டி, கட்டை விரலை உயர்த்தினான். என் வேலை என்ன என்று முதல் நாளே அவருக்குச் சொல்லியிருந்தோம். அவர் எனக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, காலை உணவு வாங்க ஊருக்குப் போனார்.

எட்டு மணிக்குப் பக்கத்தில் கரண்டிமூக்கு வந்தது. உள்ளான் கூட்டத்தின் ஓரத்தில் ஒன்றே ஒன்று. அடைக்கப்பனுக்கு முப்பது அடியில், எனக்குத் தொலைநோக்கியில் நன்றாகவே. தலையைத் தாழ்த்தி, மூக்கை இடமும் வலமும் தண்ணீரில் ஆட்டிக்கொண்டே நடந்தது, தரை துடைப்பவள் துணியை ஓட்டுவது போல. கொத்தவே இல்லை. நின்றபோது முன்பக்கத்திலிருந்து கரண்டி தெளிவாகத் தெரிந்தது. 2009-இல் நான் எழுதிய குறிப்பில், கொத்திக் கொத்தித் தின்றது என்றிருக்கும். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பறவைக்குப் பறவை பழக்கம் மாறும். அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

எட்டு இருபதுக்கு அடைக்கப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தொலைநோக்கியில் அவன் முதுகும் உயர்த்திய கையும் தெரிந்தன. பார்த்துவிட்டு, அவசரமில்லாதவனாக மறுபடி நாற்காலியில் சாய்ந்தான். அப்போதுதான் எனக்குக் கீழ் வரி ஞாபகம் வந்தது. இருந்த ஒரே வரியைத் தன் கடிகார நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். உடனே கைப்பேசியை எடுத்தேன். அவன் எண்ணைத் தேடுவதற்குள் அவனே கூப்பிட்டான்.

"ஜெயா, பார்த்தியா? பார்த்தியா அதை?"

"ஓம். பார்த்தன்."

"என்னா அழகு. ஆட்டிக்கிட்டே போகுது பாரு. கொத்தவே இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "ஜெயா, தப்பா எடுத்துக்காத. அன்னிக்கு நாம பார்த்தது இது இல்ல. அது சாதா கொசு உள்ளான், மூக்குல சேறோட. இப்ப எனக்கு நல்லாத் தெரியுது. ஒனக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் தொலைநோக்கியைப் பறவையிலிருந்து அவன் முதுகுக்குத் திருப்பினேன்.

"கையெழுத்த வாபஸ் வாங்கிக்கணும் நான். சுபாவுக்குப் பாதி எழுதிட்டேன். வருத்தப்படாத, ஒன்னப் பத்தி ஒன்னும் எழுத மாட்டேன், என் மேலயே போட்டுக்கறேன். ஊருக்குப் போனதும் ஒனக்கும் நானே பக்குவமா சொல்லணும்னு நினைச்சேன், வாய் நிக்கல பார். சரி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்குல்ல? மணி ஏழு இருபத்திரண்டுதான் ஆகுது."

"ஓம்" என்றேன். "இருக்கு."

உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. அந்தச் செய்தி, "ஜெயாவுக்கு நானே சொல்லிக்கறேன்" என்று முடிந்திருக்கும். அவன் நல்லவன்.

அடுத்த அரை மணி நேரம் நான் பறவையைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்தேன். அது நிரம்பிய விதம் என் கணக்கோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போனது. எனக்குப் பதற்றம் இல்லை. எதுவுமே இல்லை. சுவரில் ஒரு பெண் பாசி காயவைத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். எட்டு ஐம்பதுக்கு அடைக்கப்பன் எழுந்து திரும்பிப் பார்த்தான். மறுபடி கூப்பிட்டான்.

"ஜெயா, பின்னாடி வாய்க்கால்ல தண்ணி ஏறிருச்சு. முட்டிக்கு மேல இருக்கும் போல. என்னய்யா இது, ஒன் கார்டுல எட்டு இருபதுன்னு இருக்கு. இப்பவே நடந்து வந்துரட்டுமா?"

அப்போது கிளம்பியிருந்தால் இடுப்பளவுத் தண்ணீரில் கடந்திருப்பான். நனைந்திருப்பான், பயந்திருப்பான், வந்திருப்பான்.

"வேண்டாம்" என்றேன். "வாய்க்கால்ல இழுப்பு இருக்கும். மேடு மூழ்காது. அங்கேயே நில்லு. நான் பார்க்கிட்ட படகு கேக்கிறன்."

"மூழ்காதுல்ல?"

"நான் சொல்றன்."

"சரி. நீ சொன்னா சரி."

நாற்காலியை மடக்கி மேட்டின் உச்சியில் வைத்து, அதன் மேல் பையை வைத்து, பக்கத்தில் நின்றான். பறவைகள் எல்லாம் அதற்குள் எழுந்து கரைக்குப் போய்விட்டன. ஒன்பது பத்துக்கு மேட்டின் மேல் தண்ணீர் ஏறியது. அவன் கைப்பேசியிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக் கையை அசைத்தான். இடுப்புக்கு வந்தபோது கழுத்திலிருந்த தொலைநோக்கியைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டான். நனையக்கூடாது என்று நினைத்தானாக்கும். ஒன்பது இருபத்தைந்துக்கு நான் பார்க்கைக் கூப்பிட்டேன். படகு வர ஒன்பது ஐம்பத்தைந்து ஆயிற்று. பன்னிரண்டரைக்குக் கண்டெடுத்தார்கள்.

போலீஸில் மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வைத்து மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். அட்டையைப் பார்த்தார்கள். நேரம் சரியாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்தது. அழைப்புகளைப் பற்றிக் கேட்டார்கள். திரும்பி வரச் சொன்னேன், பறவையை விட்டு வர மனமில்லாமல் நின்றுவிட்டான் என்றேன். பறவை பார்க்கிறவர்கள் அப்படித்தான் என்று அவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னதாக அந்தப் பெண் எனக்கு மொழிபெயர்த்தாள். பார்க் வெளியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கூடப் போயிருக்க வேண்டும், தன் தவறு என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவருடைய உரிமத்தை எடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கு நான் எதுவும் செய்யவில்லை.

காரியம் முடிந்து கிள்ளான் வீட்டுக்குப் போனேன். நாச்சாள் ஆச்சி எனக்கு இலை போட்டுத் தானே பரிமாறினார்.

"கடைசியா என்ன பேசினாக?" என்று கேட்டார்.

"பறவையைப் பார்த்திட்டன் எண்டு சொன்னான் ஆச்சி."

"சந்தோஷமா இருந்தாகளா?"

"ஓம். சரியான சந்தோஷம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். நான் இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

நவம்பர் கூட்டத்தில் காப்பார் பதிவை ஏற்றுக்கொண்டீர்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அடைக்கப்பன் அங்கிள் கடைசியாகப் போட்ட கையெழுத்து என்று சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. கிஷன் வந்து என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அன்று வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். அதை மறைத்துப் பயனில்லை.

இப்போது இந்தச் செய்தி வந்திருக்கிறது. நீங்கள் கமிட்டியில் வைத்தால், கையெழுத்திட்டவரே தவறு என்று எழுதியிருக்கிறார் என்று பதிவை அடித்துவிடுவார்கள். விதிப்படி அதுதான் சரி. ஆகவே நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

அடைக்கப்பனை நான் கொன்றேன். கார்டில் வரி விட்டுப்போனது மறதி. ஆனால் "இருக்கு" என்றது மறதி இல்லை, "அங்கேயே நில்லு" என்றதும் மறதி இல்லை. மேடு எத்தனை அடி மூழ்கும் என்று அங்குலம் வரை எனக்குத் தெரியும். அவன் என் சொல்லை நம்புவான் என்பதும் தெரியும். இதைப் போலீஸிடம் கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். பார்க்கின் உரிமத்துக்காகவும் யாராவது கொரியாவுக்கு எழுதிப் போட்டால் நல்லது. நாச்சாள் ஆச்சியிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் முடியாது.

எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். எனக்குப் பாதகமான நேரங்களைக்கூட நிமிடக் கணக்கில் கொடுத்திருக்கிறேன், அழைப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் பிசகாது. இதற்குப் பிறகு என்னைக் கொலைகாரன் என்று சொல்லலாம். இல்லாததைச் சொல்கிறவன் என்று சொல்ல முடியாது. தூக்கில் போடக்கூடிய விஷயத்திலேயே உண்மையைச் சொல்கிற ஒருவன் ஒரு பறவை விஷயத்தில் எதற்காகப் பொய் சொல்லப்போகிறான்? கமிட்டியிடம் இந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள் சுபா. இரண்டாவது கையெழுத்தை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள். காப்பாரில் அன்று நான் பார்த்தது கரண்டிமூக்குதான்.